செல்வராணி வீட்டு சோலார்

வல்லத்திராக்கோட்டைக்கு வந்து செல்வராணி வீடு எது என்று கேட்டால் இரண்டு தெரு சுற்ற விட்டுவிடுவார்கள். கோழிக்குஞ்சு ராணி வீடு என்று கேட்டால் டீக்கடையில் இருப்பவர் எழுந்து வந்து கையைக் காட்டுவார். சுற்று வட்டாரத்தில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் கொண்டுவந்து தரும் முட்டைகளை மெஷினில் வைத்துப் பொரித்து, குஞ்சாகத் திருப்பிக் கொடுப்பது அவள் தொழில். சொந்தமாகவும் முட்டை வாங்கி வைப்பாள். வீட்டை ஒட்டி ஓர் அறை. அதற்குள் பீரோ உயரத்தில் மெஷின். உள்ளே தட்டுத் தட்டாக முட்டைகள். சூட்டை எல்லா மூலைக்கும் சமமாகக் கொண்டுபோக, பின்பக்கம் ஒரு ஃபேன் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த ஃபேனின் இரைச்சல் நின்றால், எந்த வேலையில் இருந்தாலும் செல்வராணியின் கை அந்தரத்தில் நின்றுவிடும்.

கஜா புயலுக்குப் பிறகு வந்த பழக்கம் அது. அப்போது அவளிடம் இருந்தது சின்ன மெஷின். கணவன் குணசேகரன் குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். மகள் வைஷ்ணவி பள்ளிக்கூடப் பிள்ளை. ஒரே இரவில் கூரைத் தகரம் பறந்து பக்கத்துத் தைலமரத் தோப்பில் போய் விழுந்தது. மின்கம்பங்கள் முறிந்து வயல்களில் கிடந்தன. கரண்டு வர வாரக்கணக்கில் ஆனது. பொரிக்கிற பருவத்தில் இருந்த முட்டைகளைப் பழைய புடவைகளில் சுற்றி, மண்ணெண்ணெய் விளக்கைப் பக்கத்தில் வைத்து, அவளும் மகளும் காத்துப் பார்த்தார்கள். முடியவில்லை. கடைசியில் கொல்லையில் குழி வெட்டி எல்லாவற்றையும் கொட்டினாள். மண்ணைத் தள்ளப் போகும்போது உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு சத்தம். குழிக்குள் இறங்கி, சத்தம் வந்த முட்டைகளைத் தேடி எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். அவையும் பிழைக்கவில்லை. செல்போன் கோபுரங்கள் நிமிர்ந்து குணசேகரன் பேசியபோது, கூரை போனதைச் சொன்னாளே தவிர இதைச் சொல்லவில்லை.

இப்போது குணசேகரன் குவைத்தை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டான். தகரத்தை எடுத்துவிட்டு வீட்டுக்குத் தளம் போட்டாயிற்று. குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன லோடு வண்டி ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறான். வைஷ்ணவி திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். செல்வராணி பெரிய மெஷின் வாங்கிவிட்டாள். மெஷின் பெரிதானதும் கரண்டு பில்லும் பெரிதானது. பில்லைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். சித்திரை பிறந்ததிலிருந்து நினைத்த நேரத்தில் கரண்டு நின்றுபோவதைத்தான் பொறுக்க முடியவில்லை. வீட்டில் இருந்த இன்வெர்ட்டர் பேட்டரி பழையது. நின்றால் கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் படுத்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் விக்ரம் வந்தான். புதுக்கோட்டையில் சோலார் போட்டுத் தரும் ஒரு கம்பெனியின் ஆள். முப்பது வயதிருக்கும். மாடியில் ஏறி நின்று நாலு திசையும் பார்த்தான்.

"நிழலே விழாத மாடிக்கா. இப்படி ஒரு மாடி கெடைக்காது. மானியம் வாங்கித் தர்றது எங்க பொறுப்பு. போட்டுட்டீங்கன்னா பில்லைப் பத்தி நெனைக்கவே வேணாம்."

"பில்லு கெடக்கட்டும் தம்பி. கரண்டு போனா?"

விக்ரம் சிரித்தபடி மேலே கையைக் காட்டினான். "சூரியனை வச்சுக்கிட்டு கரண்டுக்கு எதுக்குக்கா கவலைப்படுறீங்க?"

அந்தப் பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. குணசேகரனுக்குப் போதவில்லை. அன்று சாப்பிட உட்கார்ந்தவன் தட்டைத் தொடாமல் பேசினான்.

"பாங்குல கெடக்குறது நான் பாலைவனத்து வெயில்ல நின்னு சம்பாரிச்சது. அதைத் தூக்கி மறுபடியும் வெயில்லயே காயப்போடச் சொல்றியா?"

"வீணாவா காயப்போடுறோம்? பில்லு மிச்சமாகும்ல."

"எத்தனை வருசத்துல மிச்சமாகும்? அதுக்குள்ள இன்னொரு புயல் வராதா? தகரமே பறந்த ஊரு இது. அந்தக் கண்ணாடியெல்லாம் யார் தலையில போய் விழும்னு யாருக்குத் தெரியும்? வைஷ்ணவி படிப்பு முடியிற வரைக்கும் அந்தப் பணத்துல கை வைக்கக் கூடாது, ராணி."

"தகரம் பறந்தது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அவள். "நான் சொல்லித்தானே தெரியும். நீங்க இங்கிட்டு இல்லையே."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கூர்மையாக வந்து விழுந்தது என்று அவளுக்கே தெரிந்தது. குணசேகரன் எழுந்து கையைக் கழுவிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு நாள் வேண்டியதற்கு மட்டும் பேச்சு. மூன்றாவது நாள் அவனாகவே, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தத் தம்பிய வரச் சொல்லு. ஒனக்கு வேணும்னா போட்டுக்க" என்றான். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. சம்மதம் கிடைத்ததில் அவளுக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை.

விக்ரமுக்குப் போன் செய்தபோது, "அரிமளத்துல ஷர்லி டீச்சர் வீட்டுல நாங்கதான் போட்டோம். சந்தேகம்னா போய்ப் பாத்துட்டு வாங்கக்கா" என்றான். வெள்ளிக்கிழமை காலை மெஷினில் முட்டைகள் ஓடு விரியத் தொடங்கியிருந்தன. அந்த நேரத்தில் அவள் வாசலைத் தாண்ட மாட்டாள். ஆனால் சாயங்காலம் கையெழுத்துப் போட வேண்டும். குணசேகரன் விட்டுக்கொடுத்த பணத்தைக் கண்ணால் பார்க்காத ஒன்றில் போட அவளுக்கு மனம் வரவில்லை.

"வெரசா வந்துர்றேன். மெஷின் கதவை மட்டும் தொறக்காதீங்க" என்று குணசேகரனிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

ஷர்லி டீச்சர் விடுமுறையில் வீட்டில்தான் இருந்தார். வாசலில் ஒரு சிலுவை, பக்கத்தில் சோலார் மீட்டர். மாடிக்குக் கூட்டிப்போய் பேனல்களைக் காட்டினார். இரும்புச் சட்டங்கள் தளத்தோடு இறுக்கி நின்றன. செல்வராணி ஒரு சட்டத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"எங்க வீட்டுல ரெண்டு ஏசி ஓடுது. முன்னாடி பில்லு வந்தாலே வீட்டுல சண்டைதான். இப்ப பாதிகூட வர்றதில்ல. பகல்ல நமக்குப் போக மிச்ச கரண்டை ஈபி லைனுக்கே அனுப்பிருது, கணக்குல கழிச்சுக்கிறாங்க. எனக்கு இது லாபந்தான்" என்றார் டீச்சர்.

கீழே வந்து மோர் குடித்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே சுற்றிய ஃபேன் மெதுவாகி நின்றது.

"கரண்டு போயிருச்சு" என்றார் டீச்சர், விசிறியைத் தேடிக்கொண்டே.

செல்வராணி அண்ணாந்து ஃபேனையே பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். வெளியே வெயில் கண்ணைப் பறித்தது.

"டீச்சர், மேலதான் அவ்வளவு வெயில் அடிக்குதே. இது எப்படி நின்னுச்சு?"

"லைன்ல கரண்டு இல்லாட்டி இதுவும் நின்னுருமே. கம்பத்துல ஏறி வேலை பாக்குற ஆளை, நாம அனுப்புற கரண்டு அடிச்சுறக் கூடாதுல்ல? அதுக்காகத் தானா நின்னுக்கும். நிக்காம ஓடணும்னா பேட்டரியோட வேற மாதிரி போடணும், அது செலவு ஜாஸ்தி. ஒங்ககிட்ட சொல்லலையா?"

செல்வராணி டம்ளரைக் கீழே வைத்தாள். யாரும் சொல்லவில்லை. அவள் கேட்டாள், விக்ரம் சூரியனைக் காட்டினான். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த நொடி வேறொரு நினைப்பு வந்தது. இங்கே போன கரண்டு வீட்டில் இருக்கிறதா? போனை எடுத்தாள். முதல் மணியிலேயே குணசேகரன் எடுத்தான்.

"ஒனக்குத்தான் போன் அடிக்கப் போனேன். இங்க கரண்டு போயி ரொம்ப நேரமாச்சு. பேட்டரியும் படுத்துருச்சு. உள்ளாற குஞ்சு கத்துறது கேக்குது, ராணி. கதவைத் தொறக்கவா?"

"வேணாம்! தொறந்தா உள்ள ஈரம் போயிரும், குஞ்சு ஓட்டோட ஒட்டிக்கிரும். நான் வந்துர்றேன்."

டீச்சரிடம் சொல்லிக்கொண்டு புறப்பட்டதுகூட அவளுக்குச் சரியாக நினைவில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் முந்திரிக்காடு அசையாமல் நின்றது. ஒரு துளி காற்று இல்லை. பாதி வழியில்தான் தான் சொன்னது தப்பு என்று அவளுக்கு உறைத்தது. குளிர்காலத்தில் கரண்டு போனால் கதவை மூடி வைக்க வேண்டும், அது சரி. இது கத்திரி வெயில். பொரிகிற முட்டைக்குள் இருக்கும் உயிர் தானே சூட்டைக் கக்கும். ஃபேன் நின்ற மெஷினுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் நடுத் தட்டில் தேங்கும். அங்கே இருப்பவை வெந்துவிடும். மூச்சு முட்டிவிடும். வண்டியை ஓரங்கட்டிப் போன் செய்தாள். லைன் கிடைக்கவில்லை. இன்னொரு தடவை. கிடைக்கவில்லை. போனை மடியில் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டி எவ்வளவு போகுமோ அவ்வளவு வேகமாக ஓட்டினாள்.

அவள் வந்து சேர்ந்தபோது குணசேகரன் சட்டையில்லாமல், வேர்வை வழிய, அறையின் ஜன்னல்களில் நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். மெஷின் கதவு மூடியே இருந்தது. அவள் சொன்னதை அவன் மீறவில்லை.

"தொறங்க, தொறங்க!" என்று கத்திக்கொண்டே அவளே போய்க் கதவை இழுத்தாள். உள்ளேயிருந்து வந்த அனல் முகத்தில் அடித்தது. மேல் தட்டில் பொரிந்த குஞ்சுகள் அலகைப் பிளந்துகொண்டு ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. நடுத் தட்டில் சத்தமே இல்லை.

கதவு திறந்தால் ஈரம் போகும். மூடினால் சூடு கொல்லும். ஒரு நனைந்த சாக்கைக் கதவுக்குக் குறுக்கே பிடித்துக்கொள்ளக் குணசேகரனிடம் சொல்லிவிட்டு, அட்டைப்பெட்டியைக் கிழித்து உள்ளே விசிறத் தொடங்கினாள். மேலே இருந்த குஞ்சுகள் கொஞ்சம் அசைந்தன. பின்மூலை வரை காற்று போகவில்லை. கை ஓய்ந்தது. அவன் வாங்கி விசிறினான். அவனுக்கும் ஓய்ந்தது. ஈபி ஆபீசுக்குப் போன் செய்தபோது, எங்கோ பட்டுப்போன மரக்கிளை விழுந்து கம்பி அறுந்திருக்கிறது, ஆள் போயிருக்கிறார்கள் என்று சொன்னார்கள். எப்போது வரும் என்று சொல்லவில்லை.

"இந்த ஃபேன் எவ்வளவு கரண்டு குடிக்கும்?" என்று திடீரெனக் கேட்டான் குணசேகரன்.

"வீட்டு ஃபேன் மாதிரிதான். சூடு போடுற கம்பிதான் நெறையக் குடிக்கும்."

"இப்ப சூடு எதுக்கு? சூடுதான் வேணாங்கிறியே. ஃபேன் மட்டும் ஓடுனா போதுமா?"

"போதும்."

அவன் அட்டையைக் கீழே போட்டுவிட்டு வெளியே ஓடினான். கொஞ்ச நேரத்தில் குட்டியானை பின்பக்கமாக உறுமிக்கொண்டு வந்து அறையின் ஜன்னலுக்குக் கீழே நின்றது. எஞ்சினை அணைக்காமல் இறங்கி, செத்துக்கிடந்த இன்வெர்ட்டர் பேட்டரியின் வயர்களைக் கழற்றினான். வண்டிக்குள் எப்போதும் கிடக்கும் தடித்த வயரை எடுத்து வண்டி பேட்டரியிலிருந்து ஜன்னல் வழியாக இழுத்துவந்தான். அவள் மெஷினின் சூட்டுக்கம்பி சுவிட்சை அணைத்தாள். அவன் வயரை இன்வெர்ட்டரில் வைத்து முறுக்கும்போது ஒரு பொறி பறந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஃபேன் ஒரு தடவை திணறியது. பிறகு சுற்றியது.

வண்டிப் புகை அறைக்குள் வராமல் அவன் ஒரு தகரத்தை மறைப்பாக வைத்தான். அவள் கதவை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாத்தினாள். தெர்மாமீட்டரைப் பார்த்தாள். இறங்கவில்லை. மறுபடி பார்த்தாள். ஒரு கோடு இறங்கியிருந்தது. வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. எப்போது மூச்சை நிறுத்துமோ என்று அந்தச் சத்தத்தின்மேலேயே அவள் காதை வைத்திருந்தாள்.

கரண்டு பொழுது சாயத் தொடங்கியபோது வந்தது. மேல் தட்டும் கீழ்த் தட்டும் பிழைத்தன. குஞ்சுகள் ஈரம் உலர்ந்து மஞ்சளும் கறுப்புமாகப் பஞ்சுபோல ஆகிக் கத்தத் தொடங்கின. நடுத் தட்டில் பெரும்பாலானவை ஓட்டுக்குள்ளேயே போய்விட்டன. சிலவற்றில் அலகு வெளியே வந்து நின்றுபோயிருந்தது. செல்வராணி அந்தத் தட்டை வெளியே எடுத்தாள்.

"நான்தான் தொறக்காதீங்கன்னு சொன்னேன்" என்றாள்.

குணசேகரன் தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "புயல் அன்னிக்கு, நான் இல்லாதப்ப, இதே மாதிரிதான் இருந்துச்சா?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள். கொல்லையில் குழி வெட்டியதையும் சத்தம் கேட்டு உள்ளே இறங்கியதையும் அன்றுதான் அவனிடம் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். "இதை ஏன் போன்ல சொல்லல?" என்று மட்டும் கேட்டான். "சொல்லி என்ன செய்ய? அங்கிட்டு இருந்து நீங்க அழுவீங்க" என்றாள்.

சொன்னபடி விக்ரம் காகிதங்களோடு வந்து நின்றான். வாசலில் கிடந்த சாக்கையும் வயரையும் பார்த்துத் தயங்கினான். செல்வராணி உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், பிறகு கேட்டாள்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்க போட்டுத் தர்றது, லைன்ல கரண்டு இல்லாத நேரத்துல ஓடுமா, ஓடாதா?"

"அது வந்துக்கா... மானியத்துல போடுறது லைனோட சேந்து..."

"ஓடுமா, ஓடாதா?"

"ஓடாதுக்கா."

"நான் அன்னிக்கே இதைத்தானே கேட்டேன்?"

விக்ரம் காகிதங்களை மடியில் கவிழ்த்தான். "எல்லாரும் பில்லுக்குத்தான் போடுறாங்க. நீங்களும் அதுக்குத்தான் கேக்குறீங்கன்னு நெனைச்சேன். நீங்க மெஷினுக்குக் கேட்டது எனக்கு அப்ப ஏறல. தப்புத்தான்."

குணசேகரனின் குரல் உயர்ந்தது. "தப்புன்னு சொல்லிட்டா போதுமா? நம்பிக் கையெழுத்துப் போட்டிருந்தா என்னாகியிருக்கும்? அந்தத் தட்டை வந்து பாருய்யா."

விக்ரம் எழுந்து போய்ப் பார்த்தான். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. லைன் இல்லாமலும் ஓடும்படி பேட்டரியோடு வீடு முழுக்கப் போட்டால் எவ்வளவு ஆகும் என்று அவள் கேட்டாள். அவன் சொன்னான். குணசேகரன் அவளைப் பார்த்தான், அவள் தரையைப் பார்த்தாள். அந்தத் தொகை வைஷ்ணவியின் படிப்புப் பணத்தை விழுங்கிவிடும். இன்று கையெழுத்து இல்லை என்று சொல்லி அவனை அனுப்பினார்கள்.

அடுத்த சில நாட்கள் வீட்டில் இதே பேச்சுத்தான். ஆனால் பேச்சின் நிறம் மாறிவிட்டது. சண்டையாக இல்லை, கணக்காக இருந்தது. ஷர்லி டீச்சருக்கு லாபம், ஏனென்றால் அவருக்குப் பில்தான் பாரம். இவர்களுக்குப் பில் பாரம்தான், ஆனால் ஆளைச் சாய்க்கும் பாரம் அது இல்லை. சாய்ப்பது ஃபேன் நிற்பது. குட்டியானையின் ஒற்றை பேட்டரி அந்த ஃபேனை ஓட்டிக்காட்டிவிட்டது. அப்படியென்றால் வீட்டையே ஓட்ட எதற்குப் பணம்?

செல்வராணி விக்ரமைக் கூப்பிட்டாள். "ஃபேனுக்கும் சூடு பாக்குற மீட்டருக்கும் மட்டும். லைனுக்கும் அதுக்கும் ஒட்டு உறவு கூடாது. குளிர் நாள்ல சின்னதா ஒரு சூட்டு பல்பு எரியணும். புது பேட்டரி. அதுக்கு எத்தனை பேனல் வேணும்?"

"ரெண்டு போதும்க்கா. ஆனா அதுக்கு மானியம் கெடைக்காது. எங்க கம்பெனிக்கும் அதுல லாபம் ஒண்ணும் பெருசா நிக்காது" என்றவன், கொஞ்சம் நிறுத்தி, "நானே வந்து நின்னு போட்டுத் தர்றேன்" என்றான்.

எங்கே வைப்பது என்பதில் குணசேகரன் பிடியை விடவில்லை. மாடி வேண்டாம். கொல்லையில் இடுப்பளவு உயரத்தில் இரும்புக் கால்கள் நட்டு, காங்கிரீட் போட்டு, அதன்மேல் இரண்டு பேனல்களையும் சாய்த்துப் பொருத்தச் சொன்னான். காற்று வலுத்தால் போல்ட்டைக் கழற்றி ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கி வீட்டுக்குள் வைத்துவிடலாம். கழற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்று போட்ட அன்றே ஒரு தடவை கழற்றி மாட்டிப் பார்த்தான். விக்ரம் சிரித்தான். செல்வராணிக்குச் சிரிப்பு வரவில்லை. கணவன் போல்ட்டை முறுக்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கரண்டு பில் குறையவில்லை. அதைச் சொல்லிக் காட்டுபவர்கள் ஊரில் இருந்தார்கள். "ரெண்டு கண்ணாடிய வச்சுக்கிட்டு சோலாராம்" என்றார்கள்.

ஆடி மாதத்தில் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்தடை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அன்று பார்த்து மெஷினில் பொரிப்பு. கரண்டு நின்றதும் வீட்டு ஃபேன் ஓய்ந்தது, மிக்ஸி பாதிச் சட்னியில் நின்றது. செல்வராணி அரைத்ததை அப்படியே விட்டுவிட்டு அறைக்கு ஓடினாள். உள்ளே ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. நம்பாமல் கையை வைத்துக் காற்றைப் பார்த்தாள். மத்தியானம் வரை பத்துத் தடவை போய்ப் பார்த்திருப்பாள்.

சாப்பிடும்போது குணசேகரன் துண்டால் முதுகைத் துடைத்துக்கொண்டே, "குஞ்சுக்கு மட்டும் ஃபேன் ஓடுது. நான் ஒரு மனுசன் இங்க வேர்த்துக் கெடக்குறேன்" என்றான்.

"வைஷ்ணவி படிச்சு முடிக்கட்டும். ஒங்களுக்கும் ஒண்ணு போடுவோம்" என்றாள்.

அப்போது முற்றத்து வெளிச்சம் மங்கியது. மேற்கே ஒரு மேகம் ஏறி வந்திருந்தது. அவள் சோற்றுக் கையோடு எழுந்து கொல்லைக்குப் போய் வானத்தைப் பார்த்தாள். பிறகு அறைக்குள் போய் பேட்டரி மீட்டரைப் பார்த்தாள். தாங்கும் என்றுதான் காட்டியது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சூரியனே தெரியாத நாட்கள் வரும், அப்போது இது தாங்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. விக்ரமும் அதை மறைக்காமல் சொல்லியிருந்தான். அதற்கு வேறு வழி தேட வேண்டும். மெஷினின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். நடுத் தட்டில் ஒரு முட்டை நெடுக விரிந்து, ஈரமான ஒரு குஞ்சு தலையைத் தூக்க முயன்றுகொண்டிருந்தது. அது நிமிர்ந்து உட்காரும் வரை அங்கேயே நின்றாள். பிறகு போய் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டாள்.